சின்சியர், அட்ஜஸ்டபிள், மூட் அவுட்: ஆங்கிலம் என்று நம்பி நாம் பேசும் குணச்சொற்கள்

காரிமங்கலம் மாலை வகுப்பு
வணக்கம். வேதியியல் இறுதியாண்டு மாணவிகள் ஓசூர், பெங்களூரு நிறுவனங்களின் நேர்காணலுக்குத் தயாராகிறார்கள். பெரும்பாலோர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சுய அறிமுகம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். அப்படியே தருகிறேன்:

"ஐ ஆம் வெரி சின்சியர் அண்ட் அட்ஜஸ்டபிள் பர்சன். ஐ ஹேவ் செல்ஃப் கான்ஃபிடன்ட். ஐ ஆம் ஹார்ட்லி வொர்க்கிங். ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கெமிஸ்ட்ரி. ஐ குட் வின் ஃபர்ஸ்ட் பிரைஸ் இன் டிஸ்ட்ரிக்ட் லெவல். ஐ வில் பாஸ் அவுட் திஸ் இயர். மை வீக்னஸ் இஸ் ஐ கெட் டென்ஷன்."

இலக்கணத் தவறுகள் சில எனக்கே தெரிகின்றன. ஆனால் 'சின்சியர்', 'டென்ஷன்' போன்றவை தவறா, இல்லை நம்மூர் வழக்கா என்பதில் குழப்பம் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கினால் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுப்பேன்.

ஊத்தங்கரை ஆங்கில ஆசிரியை
நல்ல எடுத்துக்காட்டு கொடுத்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'சின்சியர்' என்று நாம் சொல்வது, ஒழுங்காகப் படிக்கிற, சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிற பிள்ளையை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, மனதில் இருப்பதையே வாயில் சொல்கிற, பாசாங்கு இல்லாத என்று பொருள். 'சின்சியர் அப்பாலஜி' என்றால் உள்ளபடியே வருந்திக் கேட்கும் மன்னிப்பு. வேலையில் கவனமாக இருப்பவருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்கள் 'டிலிஜன்ட்', 'கான்ஷியென்ஷஸ்', 'டெடிகேட்டட்'. இந்த மூன்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. 'டிலிஜன்ட்' சோம்பலில்லாத உழைப்பு. 'கான்ஷியென்ஷஸ்' யாரும் பார்க்காவிட்டாலும் சரியாகச் செய்வது, அதாவது மனசாட்சிக்குப் பயந்து செய்வது. 'டெடிகேட்டட்' ஒரு பணிக்கே தன்னைக் கொடுத்துவிடுவது. அதன் பின்னால் 'டு' வரும்.

'அட்ஜஸ்டபிள்' நாற்காலிக்கும் ஸ்பேனருக்கும் உரிய சொல். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆளுக்குச் சொல்வதானால் புதுச் சூழலுக்குப் பழகிக்கொள்பவர் 'அடாப்டபிள்', நேரம், முறை எதுவானாலும் ஒத்துப்போகிறவர் 'ஃப்ளெக்சிபிள்', எதற்கும் பெரிதாக அலட்டிக்கொள்ளாதவர் 'ஈசி கோயிங்'. கடைசிச் சொல் நண்பர்களிடம் நன்றாக இருக்கும். தரப் பரிசோதனை வேலைக்குப் போகும் பெண் அதைச் சொன்னால், 'கவனமில்லாமல் விட்டுவிடுவாளோ' என்று எதிரில் இருப்பவர் நினைக்க இடமுண்டு.

'ஐ ஹேவ் செல்ஃப் கான்ஃபிடன்ட்' இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் காதில் விழும் பிழை. தமிழில் 'எனக்குத் தன்னம்பிக்கை உண்டு' என்கிறோம், அதனால் 'ஹேவ்' தானாக வந்துவிடுகிறது. 'ஹேவ்' வந்தால் பின்னால் பெயர்ச்சொல் வேண்டும்: 'ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்'. 'ஆம்' வந்தால் உரிச்சொல்: 'ஐ ஆம் கான்ஃபிடன்ட்'. பேஷன்ஸ் – பேஷன்ட், ஆம்பிஷன் – ஆம்பிஷஸ், ஹானஸ்டி – ஹானஸ்ட், கரேஜ் – கரேஜஸ் என்று இணை இணையாகவே எழுதிவைக்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு சொல்லைப் படித்தால் வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்று தெரியாது.

'ஹார்ட்லி' உண்மையிலேயே ஆபத்து. 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'கடினமாக' என்று வரும் என நினைக்கிறோம். 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாக, இல்லவே இல்லை என்கிற அளவுக்கு'. 'ஐ ஆம் ஹார்ட்லி வொர்க்கிங்' என்றால் 'நான் வேலையே செய்வதில்லை' என்று அவர் காதில் விழும். 'ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்' அல்லது 'ஐ வொர்க் ஹார்ட்', இரண்டில் ஒன்று.

'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்றால் 'நான் சுவாரசியமான ஆள்'. உணர்வைத் தருவது 'இங்', உணர்வை அடைவது 'எட்'. பாடம் இன்ட்ரஸ்டிங், மாணவி இன்ட்ரஸ்டட். படம் போரிங், பார்த்தவர் போர்டு. ரிசல்ட் டிஸ்அப்பாயின்டிங், எழுதியவர் டிஸ்அப்பாயின்டட்.

'டென்ஷன்' பெயர்ச்சொல். 'ஐ கெட் டென்ஸ்' என்று திருத்தலாம், 'ஐ கெட் நெர்வஸ்' இன்னும் இயல்பு.

இதே வகையில் இன்னும் மூன்று. 'மூட் அவுட்' ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. 'இன் எ பேட் மூட்' என்பது எரிச்சலைக் காட்டும், 'ஃபீலிங் லோ' சோர்வைக் காட்டும். நம் 'மூட் அவுட்' இரண்டையும் அள்ளிக்கொள்கிறது, அதனால் எது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மொழிபெயர்க்க முடியும். 'ஃபீல் பண்ணாதே' என்பதை 'டோன்ட் ஃபீல்' என்று சொன்னால் 'உணர்வே வேண்டாம்' என்றாகும். 'டோன்ட் ஃபீல் பேட்' என்று முடிக்க வேண்டும். 'மெச்சூர்டு பர்சன்' வேண்டாம், ஆளைச் சொல்லும்போது 'மெச்சூர்' போதும்.

ஓசூர் ஆட்சேர்ப்புப் பணி
மேடம் சொன்னதெல்லாம் சரி. நேர்காணல் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். உரிச்சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குச் சான்று வராவிட்டால் மதிப்பில்லை. ஐந்து குணங்களை அடுக்குவதை விட இரண்டு குணமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவமும் போதும். வரிசை இப்படி: குணம், என்ன நிலைமை, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன. முடிவில் ஓர் எண் இருந்தால் நல்லது. மொத்தம் 1 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

சாதனையைச் சொல்லும் வினைச்சொற்களில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். எந்த வினை எந்தப் பெயரோடு சேரும் என்று பிடித்துவைக்க வேண்டும்.

கோல் – அச்சீவ். டார்கெட் – மீட் அல்லது ரீச், அதைத் தாண்டினால் எக்சீட். டெட்லைன் – மீட், தவறினால் மிஸ். ரெக்கார்டு – புதிதாக வைத்தால் செட், முந்தையதை முறியடித்தால் பிரேக். தடையை – ஓவர்கம். நற்பெயரை – எர்ன். கனவை – ரியலைஸ் அல்லது ஃபுல்ஃபில். வாக்கைக் காப்பது – கீப்.

'வின்', 'பீட்' தனியாகச் சொல்ல வேண்டியது. தமிழில் போட்டியில் வென்றோம், எதிரணியை வென்றோம், இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் போட்டியையும் பரிசையும் 'வின்' செய்யலாம், ஆளையும் அணியையும் 'பீட்' செய்ய வேண்டும். 'வீ வன் தி அரூர் டீம்' என்றால் அந்த அணியையே பரிசாக வாங்கியது போல ஆகும். 'பீட்' இறந்தகாலத்திலும் 'பீட்' தான், 'பீட்டட்' இல்லை.

'அவார்டு', 'ரிவார்டு' இரண்டும் குழம்பும். அவார்டு என்பது ஓர் அமைப்பு முறைப்படி தரும் விருது. ரிவார்டு என்பது உழைப்புக்கோ நல்ல செயலுக்கோ கிடைக்கும் பலன், அது பணமாகவும் இருக்கலாம், மனநிறைவாகவும் இருக்கலாம்.

பாப்பாரப்பட்டி வாசகர்
'ஐ குட் வின் ஃபர்ஸ்ட் பிரைஸ்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 'குட்' (could) என்றால் 'முடிந்தது' தானே, அதில் என்ன பிழை?

'பாஸ் அவுட்' தவறு என்று சிலர் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. இந்தியா முழுவதும் கல்லூரி முடித்ததை அப்படித்தான் சொல்கிறார்கள். அதுவும் ஓர் ஆங்கிலம்தான்.

ஊத்தங்கரை ஆங்கில ஆசிரியை
'குட்' கேள்வி நல்ல கேள்விங்க. கடந்த காலத்தில் பொதுவாக இருந்த திறமைக்கு 'குட்' சரி: 'ஷீ குட் ஸ்விம் வென் ஷீ வாஸ் ஃபைவ்'. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு தடவை, முயன்று நடத்திக்காட்டியதற்கு 'மேனேஜ்டு டு' அல்லது 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். 'குட்' போட்டால் 'வெல்ல வாய்ப்பு இருக்கிறது' என்று எதிர்காலம் போலவும் கேட்கும். எதிர்மறையில் இந்தச் சிக்கல் இல்லை, 'குடன்ட்' எங்கும் பொருந்தும். பார்த்தல், கேட்டல், முகர்தல் வினைகளோடும் 'குட்' தாராளமாக வரும். பரிசு வாங்கியதற்கு இது எதுவுமே வேண்டாம், 'ஐ வன் ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்று நேராகச் சொல்வதே கம்பீரம். 'மேனேஜ்டு டு' போட்டால் கஷ்டப்பட்டுத் தேறியது தெரியும், அது தெரியவேண்டிய இடத்தில் மட்டும் போடலாம்.

'பாஸ் அவுட்' விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். நம் நாட்டுக்குள் புரியும். பிரிட்டனில் ராணுவ, காவல் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அதைச் சொல்கிறார்கள், மற்றபடி அவர்களுக்கு அது மயங்கி விழுவது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் 'கிராஜுவேட்' என்ற சொல் எங்கேயும் சிக்கல் தராது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஆளுக்கேற்பப் பேசட்டும்.

தேன்கனிக்கோட்டை மொழிபெயர்ப்பு மேசை
எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று பல பிள்ளைகள் வளர்கிறார்கள். மொழிக்கு மொழி உணர்ச்சிச் சொல்லின் எல்லை மாறும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலத்துக்கு வரும்போது மட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் வலுவான உணர்வுகளில்தான் முதலில் உடையும்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். இலேசான எரிச்சல் 'அனாய்டு'. மறுபடி மறுபடி நடந்து பொறுமை தேய்ந்தால் 'இர்ரிடேட்டட்'. கோபம் 'ஆங்க்ரி'. ஆத்திரம் 'ஃபியூரியஸ்', 'லிவிட்'. முயன்றும் முட்டுக்கட்டையால் நடக்காதபோது வருவது 'ஃப்ரஸ்ட்ரேட்டட்', இது ஏணியில் இல்லை, பக்கத்துக் கிளை. 'அப்செட்' என்பதில் கோபமும் வருத்தமும் கலந்திருக்கும். மனஸ்தாபத்துக்கு அதுதான் கிட்டத்தில் வரும். முன்கோபி 'ஷார்ட் டெம்பர்டு', சிடுமூஞ்சி 'கிரம்பி'.

உச்சத்துச் சொற்களுக்கு முன் 'வெரி' போடக்கூடாது என்பது விதி. 'ஃபியூரியஸ்' என்பதற்குள்ளேயே 'வெரி' அடங்கிவிட்டது. 'வெரி டயர்டு' சரி, களைத்துத் துவண்டால் 'அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட்'. 'வெரி ஹேப்பி' சரி, ஆனந்தக் களிப்புக்கு 'அப்சல்யூட்லி த்ரில்டு' அல்லது 'ஓவர்ஜாய்டு'. பயம் 'வெரி ஸ்கேர்டு', குலைநடுக்கம் 'அப்சல்யூட்லி டெரிஃபைடு'. துக்கம் 'வெரி சேட்', இடிந்துபோவது 'டெவஸ்டேட்டட்', 'ஹார்ட்ப்ரோக்கன்'. 'ரியலி' இரண்டு தளத்துக்கும் ஒத்துவரும். சந்தேகம் வந்தால் அதைப் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் 'டெவஸ்டேட்டட்' என்பதைப் பேருந்தைத் தவறவிட்டதற்குச் செலவழித்துவிட்டால் உண்மையான துக்கத்துக்குச் சொல் மிஞ்சாது.

பொறாமை: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. பிறரிடம் இருப்பது நமக்கு இல்லையே என்பது 'என்வி'. நம்மிடம் இருப்பதை, குறிப்பாக நேசத்தை, பிறர் பறித்துவிடுவாரோ என்பது 'ஜெலஸி'. பேச்சில் இரண்டுக்கும் 'ஜெலஸ்' என்றே சொல்லிவிடுவார்கள், எழுத்தில் பிரிப்பது நல்லது. இரண்டுக்கும் பின்னால் 'ஆஃப்'.

நேர்ச்சொல் இல்லாதவை இன்னும் சுவாரசியம். ஏக்கத்துக்கு 'லாங்கிங்', 'யேர்னிங்' உண்டு. வைராக்கியத்தை 'ஸ்டீலி ரிசால்வ்' கொஞ்சம் தொடும். 'ரோஷம்' ஒரு குணமாக ஆங்கிலத்தில் இல்லை, அது நிகழ்வாகத்தான் வரும்: 'ஹிஸ் பிரைட் வாஸ் ஸ்டங்'. ஆதங்கத்துக்கு எந்த ஒற்றைச் சொல்லும் கிடையாது. வருத்தமும் குறையும் அக்கறையும் கலந்த அதை ஒரு வாக்கியமாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: 'இட் பெயின்ஸ் மீ தட்...'

உடலை வைத்துச் சொல்லும் உணர்ச்சிகளில் கூடுதல் கவனம் தேவை. 'வயிறு எரிகிறது' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் அசிடிட்டிக்கு மாத்திரை தருவார்கள். அங்கே 'ஈட்டன் அப் வித் என்வி' என்று பொறாமைதான் ஆளைத் தின்னும். 'மனசு குளிர்ந்தது' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 'கோல்ட் ஹார்ட்டட்' என்றால் ஈவிரக்கம் இல்லாதவர். பங்குனி வெயிலில் நிற்கிற தருமபுரிக்குக் குளிர்ச்சி இதம், பனியில் நடுங்குகிற இங்கிலாந்துக்கு வெப்பம் இதம். அதனால் நம் மனம் குளிர்கிற இடத்தில் அவர்கள் நெஞ்சம் 'வார்ம்' ஆகும்: 'இட் வார்ம்டு மை ஹார்ட்'.

அரூர் செவிலியர்
வெளிநாட்டுப் பணிக்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடி ஆங்கிலத் தேர்வுகளை எழுதுகிறவர்களுக்கு இந்த இழை மிகவும் பயன்படும். நோயாளியின் மனநிலையை எழுதும் சொற்களில் நடக்கும் தவறுகளைச் சேர்க்கிறேன்.

'ஆங்க்ரி', 'அஜிடேட்டட்' ஒன்றல்ல. 'அஜிடேட்டட்' என்றால் இருப்புக் கொள்ளாமல் தவிப்பது. எழுவார், உட்காருவார், குழாயை இழுப்பார். அதில் கோபம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. 'ஆங்ஷஸ்' கவலையும் பதற்றமும். 'டிஸ்ட்ரெஸ்ட்' தாங்க முடியாத வேதனை. யாரிடமும் பேசாமல் ஒடுங்கிக்கொள்பவர் 'வித்டிரான்'. இவரை 'ஷை' என்று எழுதினால் பொருளே மாறும். கூச்சம் சுபாவம், ஒடுங்குதல் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

'ஸ்டபர்ன் பேஷன்ட்' என்று நோயாளியைப் பற்றிய கடிதத்தில் எழுதவே கூடாது. அது நம் தீர்ப்பு. மாத்திரைக்குத் தயங்கினால் 'ரிலக்டன்ட் டு டேக்', வேண்டாம் என்றால் 'டிக்லைன்டு'. 'ரெஃப்யூஸ்டு' கொஞ்சம் கடுமையானது. பார்த்ததை எழுத வேண்டும், ஆளை எடைபோடக் கூடாது.

ஒரு சந்தேகம்: 'ஆங்க்ரி வித்', 'ஆங்க்ரி அட்', 'ஆங்க்ரி அபவுட்' மூன்றையும் பார்க்கிறேன். எது சரி?

தேன்கனிக்கோட்டை மொழிபெயர்ப்பு மேசை
மூன்றும் சரி. ஆள் மேல் என்றால் 'வித்', 'அட்'. விஷயத்தின் மேல் என்றால் 'அபவுட்', 'அட்'. 'ஆன்' மட்டும் வராது. தமிழில் 'அவர் மேல் கோபம்' என்பதால் நாம் 'ஆங்க்ரி ஆன் ஹிம்' என்று சொல்லிவிடுகிறோம். மற்றவற்றையும் சொல்லோடு ஒட்டியே மனதில் ஏற்றுங்கள்: ப்ரௌட் ஆஃப், அஷேம்டு ஆஃப், கேப்பபிள் ஆஃப், குட் அட், கீன் ஆன், சாட்டிஸ்ஃபைடு வித், டிலைட்டட் வித், எக்சைட்டட் அபவுட், கமிட்டட் டு. கடைசியில் வரும் 'டு' முன்னிடைச்சொல், அதனால் பின்னால் வினை வந்தால் 'இங்' சேரும்: 'கமிட்டட் டு லேர்னிங்'. 'சக்சீட் இன்' கூட அப்படித்தான். 'சக்சீட் டு பாஸ்' பிழை, 'சக்சீட் இன் பாஸிங்' சரி.

பாப்பாரப்பட்டி வாசகர்
செவிலியர் அம்மா சொன்ன 'தீர்ப்பு' என்பதைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவாவைப் பற்றி ஆங்கிலத்தில் 4 வரி எழுத மாணவர்களிடம் சொன்னால் 'ஹி வாஸ் எ வெரி ஸ்டபர்ன் மேன்' என்று ஆரம்பிக்கிறார்கள். சிறையில் தொழுநோய் பற்றிய பிறகும் ஓயாமல் உழைத்தவரைச் சொல்ல அது சரியான சொல்லாகப் படவில்லை. வேறு என்ன எழுதலாம்?

ஊத்தங்கரை ஆங்கில ஆசிரியை
உங்கள் மனது சரியாகத்தான் சொல்கிறது. ஒரே செயலை மெச்சியும் சொல்லலாம், இகழ்ந்தும் சொல்லலாம். 'ஸ்டபர்ன்' பிடிவாதம், காரணம் சொன்னாலும் கேட்காதது. 'டிடர்மின்ட்' உறுதி. 'பர்சிஸ்டன்ட்' விடாமல் திரும்பத் திரும்ப முயல்வது. 'ரெசிலியன்ட்' அடிபட்டும் எழுவது. சிவாவுக்கு 'ரெசல்யூட்', 'அன்டான்டட்' இரண்டும் பொருந்தும். முன்னது அசையாத முடிவு, பின்னது துன்பம் கண்டு அஞ்சாமை. 'இல்னஸ் டிட் நாட் ப்ரேக் ஹிம். ஹி ரிமெயின்டு அன்டான்டட்' என்று எழுதலாம்.

இதே போல இரு முகம் கொண்டவை: சிக்கனம் 'த்ரிஃப்டி', கஞ்சத்தனம் 'ஸ்டிஞ்சி'. அறிய ஆவல் 'க்யூரியஸ்', அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பது 'நோசி'. குழந்தை மனம் 'சைல்டுலைக்', சிறுபிள்ளைத்தனம் 'சைல்டிஷ்'. விவரமானவர் 'ஷ்ரூட்', தந்திரக்காரர் 'கன்னிங்'. வெகுளிக்கு நாம் 'இன்னசன்ட்' என்கிறோம், பெரியவர்களைப் பற்றி என்றால் 'நைவ்' தான் அவர்கள் சொல்வது, அதில் சற்றுக் குறை சொல்லும் தொனி உண்டு. 'ப்ரௌட்' மட்டும் ஒரே சொல்லில் பெருமை, கர்வம் இரண்டும். 'ப்ரௌட் ஆஃப் ஹர் டாட்டர்' பெருமை, 'டூ ப்ரௌட் டு ஆஸ்க்' கர்வம். தலைக்கனத்தைத் தெளிவாகச் சொல்ல 'அரகன்ட்'.

'சென்சிபிள்', 'சென்சிட்டிவ்' இடம் மாறிப்போவதையும் சொல்லிக்கொடுங்கள். முதலாவது நிதானமான புத்தி, இரண்டாவது சட்டென்று மனம் புண்படுவது அல்லது பிறர் மனம் அறிந்து நடப்பது. பெண் பார்க்கும் விளம்பரத்தில் நாம் பாராட்டாகப் போடும் 'ஹோம்லி', அமெரிக்காவில் 'அழகில்லாத' என்று பொருள்படும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளுக்கு முன்னால் 'அப்ரூவிங்', 'டிஸ்அப்ரூவிங்' என்று சிறிய குறிப்பு இருக்கும். மெச்சும் சொல்லா, குறைசொல்லும் சொல்லா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் பெரும்பாலும் இது இருக்காது. அங்கேதான் 'ஸ்டபர்ன் – உறுதியான' என்று பார்த்துவிட்டு ஏமாறுகிறோம்.

ஓசூர் ஆட்சேர்ப்புப் பணி
சாதனை வரலாறு எழுதப் பழக இன்னொரு நல்ல பொருள் ராஜாஜி. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தார், 1948-ல் கவர்னர் ஜெனரல் ஆனார், 1954-ல் பாரத ரத்னா. 'பிகேம்' என்பதையே திரும்பத் திரும்ப எழுதாமல் 'வாஸ் பார்ன் இன்', 'வென்ட் ஆன் டு பிகம்', 'சர்வ்டு ஆஸ்', 'வாஸ் அவார்டட்' என்று நான்கு வினைகளையும் ஒரே பத்தியில் பழகலாம். 'ஹி காட் பாரத ரத்னா' என்பதை விட 'ஹி வாஸ் அவார்டட் தி பாரத ரத்னா' நிமிர்ந்து நிற்கும்.

உச்சரிப்பும் கொஞ்சம் பாருங்கள். 'டிடர்மின்ட்' – கடைசி அசை 'மின்', 'மைன்' இல்லை. 'ஹானஸ்ட்' எழுத்தில் எச் இருந்தாலும் ஒலிக்காது, அதனால் முன்னால் 'எ' இல்லை, 'ஆன்' (an) வரும். 'பெர்சிவியரன்ஸ்' – அழுத்தம் மூன்றாவது அசையில். 'கான்ஃபிடன்ட்' – முதல் அசையில். அழுத்தம் இடம் மாறினால் சரியான சொல்லும் புரியாமல் போகும்.

காரிமங்கலம் மாலை வகுப்பு
எல்லோருக்கும் நன்றி. ஒரு மாணவி இதையெல்லாம் வைத்து மாற்றி எழுதியதைப் பதிகிறேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு பிரச்சினை இருப்பதால் அவருடைய ப்ராஜெக்ட் அதைப் பற்றியது:

"ஐ ஆம் எ ஃபைனல் இயர் கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட். ஐ ஆம் கான்ஷியென்ஷஸ். இன் அவர் ப்ராஜெக்ட், வீ டெஸ்டட் ஃப்ளூரைடு இன் ட்வென்டி ஃபோர் போர்வெல் சாம்பிள்ஸ். வீ ரிப்பீட்டட் எவ்ரி டவுட்ஃபுல் ரிசல்ட் அண்ட் ஸ்டில் மேனேஜ்டு டு ஃபினிஷ் டூ டேஸ் பிஃபோர் தி டெட்லைன். ஐ கெட் நெர்வஸ் வென் ஐ ஸ்பீக் டு எ க்ரூப், சோ ஐ ப்ராக்டிஸ் மை ஃபர்ஸ்ட் டூ சென்டன்சஸ் அலௌட்."

ஓசூர் ஆட்சேர்ப்புப் பணி
நன்றாக இருக்கிறது. ஒரே குறை: ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லும் எல்லா இடத்திலும் 'வீ'. தங்கச்சி செய்தது எது என்று கேட்பார்கள். சந்தேகமான முடிவுகளைத் திரும்பச் சோதித்தது அவர் என்றால் அந்த இடத்தில் மட்டும் 'ஐ ரிப்பீட்டட்' என்று மாற்றட்டும். மற்ற இடங்களில் 'வீ' இருப்பதுதான் நியாயம்.

ஊத்தங்கரை ஆங்கில ஆசிரியை
'கான்ஷியென்ஷஸ்' பதற்றத்தில் நாக்கு தடுக்கும் சொல். இவர் சொல்கிற சம்பவம், ஒவ்வொன்றையும் விடாமல் சரிபார்த்தது. அதற்கு 'தரோ' என்ற சொல் இன்னும் கச்சிதம். 'த்ரூ' என்று சொல்லிவிடாமல் இரண்டு அசையாகப் பிரித்து, முதல் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

காரிமங்கலம் மாலை வகுப்பு
மாற்றிவிட்டோம் மேடம். 'ஐ ஆம் தரோ' என்று சத்தமாக 10 தடவை சொல்லிப் பார்த்தார், 7-வது தடவையிலிருந்து சரியாக வருகிறது.